குக்ஸ்வில் சந்தியில் ஒரு ஹைஸ்கூல்



புத்தாண்டு மலர்களில் ஊர்ப் பாடசாலைகளைப் பற்றிய கட்டுரைகளுக்கு என்றைக்கும் குறைவில்லை. கல்லூரி தொடங்கிய வருடம், பெயர்பெற்ற அதிபர்மார், பெரிய கிரிக்கெட் மட்ச், பழைய மாணவர் சங்கம் என்று வாசிக்க வாசிக்க நெஞ்சு நிறையும். அவை எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் எங்கட பிள்ளையள் இப்ப காலமை எழும்பி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வருகிற பாடசாலையின் கதை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள், உள்ளே என்ன நடக்கிறது? உயர்தரத்தோடு படிப்பை விட்டு, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிற நான், நூலகத்தில் வாசித்ததையும் நாலு பேரிடம் கேட்டறிந்ததையும் வைத்து இதை எழுதத் துணிந்தேன். மிசிசாகாவில் பல ஹைஸ்கூல்கள் உண்டு. அதில் ஒன்றை, குக்ஸ்வில் சந்திக்குக் கிட்ட இருக்கிற ரி. எல். கெனடி செக்கண்டரி ஸ்கூலை, எடுத்துக்கொள்கிறேன். அதன் கதைக்குள்ளே ஒன்ராறியோ மாகாணப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றின் கதையும் இருக்கிறது.

சந்தியும் பெயரும்

டண்டாஸ் வீதியும் ஹுரொன்ராறியோ வீதியும் வெட்டுகிற இடம்தான் குக்ஸ்வில். டண்டாஸ் 5ஆம் நெடுஞ்சாலையாகவும் ஹுரொன்ராறியோ 10ஆம் நெடுஞ்சாலையாகவும் இருந்தபடியால் பழைய ஆட்கள் இந்தச் சந்தியை "ஃபைவ் அண்ட் ரென்" என்று இப்பவும் சொல்லுவினம். முதலில் டானியல் ஹரிஸ் என்பவரின் பெயரால் ஹரிஸ்வில் என்று அழைக்கப்பட்டு, 1836இல் ஜேக்கப் குக் என்பவரின் பெயரால் குக்ஸ்வில் ஆனது. குதிரை வண்டியில் தபால் கொண்டுபோன காலத்துச் சந்தி இது.

இந்தச் சந்தியில் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதுதான் நாம் பேசுகிற பாடசாலை. கெனடி என்றவுடன் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதியை நினைக்க வேண்டாம். இவர் தோமஸ் லெயர்ட் கெனடி. 1878இல் பிறந்தவர். டிக்சிப் பகுதியின் தோட்டக்காரர், முதலாம் உலக யுத்தத்தில் பணியாற்றியவர். 1919இல் பீல் தொகுதியிலிருந்து மாகாண சபைக்குத் தெரிவானார். 1934இல் ஒருமுறை தோற்றாலும் 1937இல் திரும்ப வென்று, 1959இல் இறக்கும்வரை அந்த ஆசனத்தில் இருந்தார். பல வருடம் விவசாய அமைச்சர். ஜோர்ஜ் ட்றூ பதவி விலகியபோது 1948 ஒக்ரோபர் முதல் 1949 மே வரை ஒன்ராறியோவின் முதலமைச்சராகவும் இருந்தார். பழத்தோட்டக்காரர் ஒருவர் முதலமைச்சராக வந்த காலம் அது! உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் ஒரு பாடசாலையைப் பார்க்கிற பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

அவருக்குப் பிறகு 1959இல் அதே பீல் தொகுதியில் வென்றவர் பிரம்ரனைச் சேர்ந்த பில் டேவிஸ் என்ற இளம் சட்டத்தரணி. அந்தப் பெயரை மறந்துவிட வேண்டாம். கொஞ்சம் பின்னுக்கு அவரிடம் வருவோம்.

ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம்

இந்த மண்ணுக்கு அதற்கும் முந்திய ஒரு பள்ளிக்கூடக் கதை உண்டு. இந்த இடம் மிசிசாகா என்ற ஆதிக்குடிகளின் நிலம். 1805இல் தொடங்கிய உடன்படிக்கைகளால் அவர்களது நிலம் படிப்படியாகக் கைமாறியது. 1826இல் கிறெடிற் ஆற்றங்கரையில் அவர்களுக்கென ஒரு கிராமம் அமைந்தது. அங்கே பள்ளிக்கூடமும் இருந்தது. அவர்களில் ஒருவரான பீற்றர் ஜோன்ஸ் மெதடிஸ்ற் போதகராகி மக்களை வழிநடத்தினார். அந்தக் கிராமத்துக்கு மிஷனரியாக வந்து, அவர்களோடு தங்கி, அவர்களின் மொழியைக் கற்ற இளைஞரின் பெயர் எகேர்ற்றன் றயர்சன்.

1847இல் அந்த மக்கள் ஆற்றங்கரையை விட்டு ஹகர்ஸ்வில் பக்கம் போய்க் குடியேற வேண்டியதாயிற்று. நாங்கள் வாழுகிற நகரத்துக்குப் பெயர் கொடுத்தவர்களே இடம்பெயர்ந்தவர்கள்தான். இதைப் படித்தபோது எனக்கு எங்கட ஊர்கள் ஞாபகத்துக்கு வந்ததில் வியப்பில்லை.

அந்த றயர்சன்தான் பின்னர் 1844 முதல் 1876 வரை இந்த மாகாணத்தின் கல்வி அதிகாரியாக இருந்து பொதுக் கல்வி முறையைக் கட்டி எழுப்பினார். நல்லதை மட்டும் சொல்லி விடக்கூடாது. 1847இல் ஆதிக்குடிப் பிள்ளைகளின் கல்விக்கு அவர் எழுதிக் கொடுத்த யோசனைகள் பின்னாளில் விடுதிப் பாடசாலைகள் என்ற கொடுமைக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன. அதனால்தான் ரொறன்ரோவில் அவர் பெயரில் இருந்த பல்கலைக்கழகம் 2022இல் பெயரை மாற்றிக்கொண்டது. ஒரே மனிதரின் கையால் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது, இன்னொரு பகுதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்தே நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிப்பு எல்லாருக்கும் ஆனது எப்படி?

ஒன்ராறியோவில் 1807இல் சட்டம் போட்டு மாவட்டத்துக்கு ஒரு கிராமர் ஸ்கூல் தொடங்கினார்கள். அது வசதியானவர்களின் ஆண் பிள்ளைகளுக்கு. காசு கட்டிப் படிக்க வேண்டும். அதே காலத்தில் எங்கட பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள்: 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது, 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது. அப்ப ரொறன்ரோ என்ற பெயரில் நகரமே இல்லை. 'யோர்க்' என்ற சேறு நிறைந்த சிறு பட்டினம்தான் இருந்தது. "இவங்கள் எங்களுக்குப் படிப்பைப் பற்றிச் சொல்லித் தாறாங்களோ" என்று கேட்கிற பெரியவர்கள் இதைக் கேட்டுச் சந்தோசப்படலாம்!

ஆனால் ஒரு விசயம். அங்கேயும் சரி இங்கேயும் சரி, அந்தப் படிப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் ஆக்குவதற்குத்தான் காலம் எடுத்தது. 1871இல் ஒன்ராறியோவில் கொண்டுவரப்பட்ட சட்டம் ஆரம்பப் பாடசாலைகளை இலவசமாக்கி, 7 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகள் வருடத்தில் 4 மாதமாவது பள்ளிக்கு வரவேண்டும் என்றது. அதே சட்டம்தான் பழைய கிராமர் ஸ்கூல்களை ஹைஸ்கூல் என்றும் கொலீஜியற் என்றும் மாற்றியது. 1911இல் கைத்தொழில் கல்விக்கு ஒரு சட்டம் வந்தது. 1915இல் ரொறன்ரோவில் சென்ட்ரல் ரெக்னிக்கல் ஸ்கூலின் பெரிய கட்டிடம் திறக்கப்பட்டது. 1919இல் போட்ட சட்டம் 1921இல் நடைமுறைக்கு வந்து, 16 வயதுவரை படிப்பைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் 14 வயதுக்கு மேல் வீட்டில் கஷ்டம் என்றால் வேலைக்குப் போக அனுமதி வாங்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 2006இல்தான் அந்த வயது 18 ஆக உயர்த்தப்பட்டது.

எங்கட நாட்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945இல் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை காசில்லை என்று அவர்கள் செய்தது சின்ன விசயம் அல்ல. கனடாவிலே இன்றைக்கும் பல்கலைக்கழகத்துக்குக் காசு கட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கே இலவசமாகத் திறந்த வழியின் கடைசியில் ஒரு பெரிய வாசல் இருந்தது. அதன் பெயர் உயர்தரப் பரீட்சை. 1970களில் தரப்படுத்தல் என்று வந்து அந்த வாசலை எங்களுக்கு இன்னும் ஒடுக்கினதையும், அதன்பிறகு என்ன நடந்தது என்பதையும் இந்த மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்ராறியோவிலும் அப்படி ஒரு வாசல் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 13ஆம் வகுப்பு என்று ஒன்று வைத்து, மாகாணம் முழுவதுக்கும் ஒரே வினாத்தாள், ஒரே திருத்தம் என்று எங்கட ஏ.எல். மாதிரியே பரீட்சை நடந்தது. 1967இல் அதை நிறுத்தினார்கள். அதன்பிறகு பாடசாலை ஆசிரியர் போடுகிற புள்ளியே பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகிறது. 13ஆம் வகுப்பு பிறகு ஓ.ஏ.சி. என்று பெயர் மாறி 2003இல் இல்லாமலே போயிற்று. அந்த வருடம் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக வெளியேறி, பல்கலைக்கழக இடத்துக்கு அடிபட்டதை அப்போது பெற்றோராக இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பழத்தோட்டங்கள் வீடுகளான காலம்

1950களுக்கு வருவோம். யுத்தம் முடிந்து பிள்ளைகள் பெருகிய காலம். மோல்ற்றனில் அவ்றோ விமானத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. டிக்சிப் பக்கத்து அப்பிள் தோட்டங்கள் அப்பிள்வூட் ஏக்கர்ஸ் போன்ற குடியிருப்புகளாயின. பள்ளிக்கூடங்களை எவ்வளவு கட்டினாலும் காணாது என்ற நிலை. அந்த நெருக்கடியில் எழும்பியதுதான் கெனடி ஸ்கூல். ஒரு தோட்டக்காரரின் பெயர் வைத்த பாடசாலைக்குள், தோட்டங்களை அழித்துக் கட்டிய வீடுகளின் பிள்ளைகள் வந்து இருந்தார்கள்.

1960 டிசம்பரில் மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழிற்கல்விக் கட்டிடம் கட்டினால் செலவில் 75 சதவீதம் தருவோம் என்றது. மாகாணம் இந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. அப்போது கல்வி அமைச்சராக இருந்து, 1961 நவம்பரில் முதலமைச்சராகவும் ஆன ஜோன் றொபார்ட்ஸ் ஒரு திட்டம் போட்டார். ஹைஸ்கூல் படிப்பை மூன்று கிளைகளாகப் பிரித்தார்கள்: கலையும் விஞ்ஞானமும் ஒன்று, வர்த்தகம் ஒன்று, தொழில்நுட்பம் ஒன்று. மாகாணம் எங்கும் தொழிற்கூடங்களோடு புதிய பாடசாலைகள் எழும்பின. கார் திருத்துகிற கூடம், இரும்பு ஒட்டுகிற கூடம், மரவேலைக் கூடம் எல்லாம் பாடசாலைக்குள் வந்தன.

1962இல் கல்வி அமைச்சராக வந்தவர்தான் நான் மறக்க வேண்டாம் என்று சொன்ன பில் டேவிஸ். 33 வயது. 1971இல் முதலமைச்சராகி 1985வரை ஆண்டவர், 2021இல் காலமானார். கொலிஜ் என்ற கல்லூரிகளை 1965இல் சட்டமாகக் கொண்டுவந்தவர் அவர். ஷெரிடன் கொலிஜும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகமும் 1967இல் பிறந்தன. சிறுசிறு பாடசாலைச் சபைகளைக் கலைத்து 1969இல் பீல் முழுவதுக்கும் ஒரே சபையாக்கியதும் அவர் காலத்தில்தான். 1984இல் கத்தோலிக்க ஹைஸ்கூல்களுக்கும் கடைசி வகுப்பு வரை அரசாங்கக் காசு கொடுப்பதாக அறிவித்தவரும் அவரே. இன்று எங்கட சைவப் பிள்ளைகள்கூட விரும்பினால் டஃப்ரின்-பீல் கத்தோலிக்கச் சபையின் ஹைஸ்கூல்களில் படிக்கலாம் என்றால் அதன் தொடக்கம் இதுதான்.

சத்தமில்லாமல் சாத்துகிற கதவுகள்

மூன்று கிளை என்றது கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய பிள்ளை எந்தக் கிளைக்குப் போனது? சட்டத்தரணியின் பிள்ளை முதலாவதுக்கு, கூலி வேலை செய்தவரின் பிள்ளை கடைசிக்கு. ரொறன்ரோவிலே 1970 அளவில் பாடசாலைச் சபையே எடுத்த கணக்கு இதைக் காட்டியது. இத்தாலி, போர்த்துக்கல், கரிபியன் நாடுகளிலிருந்து வந்த பெற்றோர்கள் "எங்கட பிள்ளையள் மொக்கர் இல்லை" என்று எழும்பி நின்று சபைக் கூட்டங்களில் கேள்வி கேட்டார்கள்.

அதன்பிறகு இந்தக் கயிறு இரண்டு பக்கமும் இழுபட்டது. 1993இல் பொப் றே அரசாங்கம் 9ஆம் வகுப்பில் பிரிக்கிறதை நிறுத்தியது. 1999இல் மைக் ஹரிஸ் அரசாங்கம் அக்கடமிக், அப்ளைட் என்று திரும்பப் பிரித்தது. 2020 யூலையில் கறுப்பினப் பிள்ளைகளையும் வறிய வீட்டுப் பிள்ளைகளையும் இந்த முறை பாதிக்கிறது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு, 2021இல் கணக்குப் பாடத்திலும் 2022இல் 9ஆம் வகுப்பின் மற்றப் பாடங்களிலும் பிரிவினையை நீக்கியது.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுதுதானே?" என்று கேட்பீர்கள். இல்லை. 10ஆம் வகுப்பில் அக்கடமிக், அப்ளைட் இன்னும் இருக்கிறது. 11ஆம் 12ஆம் வகுப்பில் பாடங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, கொலிஜுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று வேறு வேறு. பல்கலைக்கழகம் போவதென்றால் 12ஆம் வகுப்பில் பல்கலைக்கழகத் தரப் பாடங்கள், அல்லது பல்கலைக்கழகம்-கொலிஜ் கலந்த தரப் பாடங்கள், 6 வேண்டும். அந்தப் பாடத்தை எடுக்க அதற்கு முந்திய வருடத்துப் பாடம் சரியானதாக இருக்க வேண்டும்.

எங்கட ஊரில் ஒரே ஒரு பெரிய வாசல். சாத்தினால் ஊருக்கே சத்தம் கேட்கும். இங்கே சின்னச் சின்னக் கதவுகள். பெப்ரவரி மாதம் பிள்ளை கொண்டுவருகிற பாடத்தெரிவுத் தாளில், இரவு வேலைக்குப் போகிற அவதியில் நீங்கள் போடுகிற ஒரு கையெழுத்தில் ஒரு கதவு சாத்தப்படலாம். அது உங்களுக்குத் தெரிய வருகிறபோது பிள்ளைக்கு 17 வயது.

எங்கட ஆட்கள் வந்த பிறகு

இந்த ஹைஸ்கூல்கள் அகதிகளுக்குப் புதியவை அல்ல. 1956இல் ஹங்கேரியிலிருந்து ஓடிவந்த 37,000 பேரையும், 1972இல் உகண்டாவிலிருந்து துரத்தப்பட்ட ஆசியர்களையும், 1979-80இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்த 60,000 பேரையும் கனடா ஏற்றது. அவர்களின் பிள்ளைகளும் இப்படியான வகுப்பறைகளில்தான் ஆங்கிலம் படித்தார்கள். 1983 யூலைக்குப் பிறகு நாங்கள். 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தார்கள். வந்தவர்களில் பலர் முதலில் ரொறன்ரோ சென்ற் ஜேம்ஸ் ரவுணிலும் பிறகு ஸ்காபரோவிலும், வேலை பார்த்து இந்தப் பக்கமும் குடியேறினார்கள். ஹுரொன்ராறியோ வீதியோரம் இருக்கிற உயர்ந்த அடுக்குமாடிகள் எத்தனையோ நாட்டாருக்கு முதல் வீடு.

இந்த இடத்தில் ஒவ்வொரு அகதிக் குடும்பமும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். 1993இல் ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 49.1 என்பது அதன் இலக்கம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, அந்தப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கனடாவில் சட்டப்படியான இருப்பு இல்லை என்ற காரணத்துக்காகப் பாடசாலை மறுக்க முடியாது என்று அது சொல்கிறது. வழக்கு இழுபடுகிறது, கேஸ் நிராகரிக்கப்பட்டு விட்டது, பேப்பர் இல்லை என்று பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை. இது ஒருவர் எங்களுக்கு இரங்கிச் செய்கிற உதவி அல்ல. எழுதப்பட்ட சட்டம்.

பிள்ளை 14, 15 வயதில் வந்து இறங்கினால் முதலில் ஆங்கில அறிவைச் சோதித்து, ஈ.எஸ்.எல். வகுப்பில் விடுவார்கள். அது ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து படி. சில பெற்றோர் ஈ.எஸ்.எல். என்றால் வெட்கம் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்கக்கூடாது. சான்றிதழுக்கு வேண்டிய 4 ஆங்கிலக் கிறெடிற்றில் 3 வரைக்கும் ஈ.எஸ்.எல். கிறெடிற் கணக்கில் சேரும். நாலாவது மட்டும் 12ஆம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும். அதேபோல் 18 வயதில் வந்த பொடியன் "எனக்கு வயது போய்விட்டது" என்று நேரே வேலைக்குப் போகத் தேவையில்லை. 21 வயதுவரை ஹைஸ்கூலில் இருந்து படிக்க இடமுண்டு.

தமிழுக்கும் இடம் உண்டு. 1977இல் பாரம்பரிய மொழித் திட்டம் என்று மாகாணம் தொடங்கியது, வாரத்தில் இரண்டரை மணித்தியாலம். இத்தாலியரும் உக்ரேனியரும் கேட்டு வாங்கின உரிமை அது. பின்னர் சர்வதேச மொழிகள் என்று பெயர் மாறியது. அந்த வழியில் ஹைஸ்கூல் பிள்ளைகள் தமிழ் படித்துக் கிறெடிற்றும் எடுக்கலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வீண் என்று சொல்லுகிற பிள்ளைக்கு, அது சான்றிதழில் எண்ணப்படுகிற பாடம் என்று சொல்லிப் பாருங்கள். 2014இல் ஒன்ராறியோ சட்டசபை தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்த பிறகு பாடசாலை மண்டபங்களிலே பொங்கலும் பரதமும் நடப்பது சாதாரணமாகி விட்டது.

ஹைஸ்கூல் கணக்கு

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோ ஹைஸ்கூல் சான்றிதழுக்கு 30 கிறெடிற் வேண்டும். ஒரு கிறெடிற் என்பது 110 மணித்தியாலப் பாடம். வழக்கமாக வருடத்துக்கு 8, நாலு வருடத்துக்கு 32 எடுக்கலாம். ஆகவே இரண்டு பாடம் கோட்டை விட்டாலும் காலம் இருக்கிறது, பயப்படத் தேவையில்லை. இதோடு 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்ய வேண்டும். கோயிலிலோ நூலகத்திலோ எங்கட சங்கத்திலோ செய்யலாம், ஆனால் அது பாடசாலை ஏற்றுக்கொள்கிற தொண்டாக இருக்க வேண்டும். 10ஆம் வகுப்பில் எழுத்தறிவுச் சோதனை ஒன்று உண்டு. தவறினால் அதற்குப் பதிலாக ஒரு பாடம் எடுக்க வழியுண்டு. தொண்டும் சோதனையும் 1995இல் வெளியான அரச ஆணைக்குழு அறிக்கை சிபாரிசு செய்து, 1999இல் வந்த புதிய முறையில் சேர்ந்தவை.

பாடம் மட்டும்தான் ஹைஸ்கூல் என்றில்லை. கோ-ஒப் என்று ஒன்று உண்டு. பிள்ளை ஒரு வேலையிடத்துக்குப் போய்ப் பழகி, அதற்கே கிறெடிற் எடுக்கும். மின்சார வேலை, குழாய் வேலை, இயந்திரம் பூட்டுகிற வேலை பழக விரும்பினால் படிக்கும்போதே அப்பிறன்ரிசாகப் பதிய ஒரு திட்டம் உண்டு. 2006இல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில் சுகாதாரம், கட்டிடம், உற்பத்தி போன்ற துறையில் பாடங்களைச் சேர்த்து எடுத்தால் சான்றிதழில் சிவப்பு முத்திரை வரும். பீல் சபையிலே கோத்திரா பார்க் ஹைஸ்கூலில் கலைகளுக்கும், போர்ட் கிறெடிற் ஹைஸ்கூலில் விஞ்ஞான தொழில்நுட்பத்துக்கும், கிளென்பொறெஸ்ற்றில் ஐ.பி. படிப்புக்கும் என்று தனித் திட்டங்கள் உண்டு. அவைக்கு 8ஆம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மார்கழி விடுமுறைக்குப் பிறகு விசாரித்தால் பெரும்பாலும் காலம் கடந்து விடும்.

தொழிற்கல்வியைப் பற்றி எங்கட ஆட்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். இது மூன்றும் இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப் போச்சுது! தொழிற்சாலையில் நிற்கிற எனக்குத் தெரியும்: லைனில் நாள் முழுவதும் பெட்டி அடுக்குகிறவனைவிட, அந்த மெசின் நின்றால் வந்து திருத்துகிற மில்றைற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்று. அவர் வரும்வரை மனேஜரும் கை கட்டிக்கொண்டு நிற்பார். 2024 புரட்டாதியில் 9ஆம் வகுப்புத் தொடங்கிய பிள்ளைகள் முதல் எல்லாரும் ஒரு தொழில்நுட்பப் பாடமாவது படிக்க வேண்டும் என்று மாகாணமே கட்டாயமாக்கி விட்டது.

ஆனால் நான் முன்னுக்குச் சொன்ன சரித்திரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளை விரும்பித் தொழில் பழகுவது வேறு. "உனக்கு ஆங்கிலம் காணாது, உனக்கு இது போதும்" என்று ஆரோ தீர்மானித்து அந்தப் பக்கம் தள்ளிவிடுவது வேறு. முதலாவதுக்கு நாங்கள் ஆதரவாக நிற்க வேண்டும். இரண்டாவதை எதிர்த்துக் கேட்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதும், பிறகு பாடசாலைக்குப் போய்க் கேட்பதும்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

ஊரிலே அதிபரின் கந்தோருக்குள் போவதென்றால் எங்கட அப்பாமார் சேட்டைத் திருத்திக்கொண்டு வாசலில் தயங்கி நிற்பார்கள். அந்தத் தயக்கத்தை நாங்கள் இங்கேயும் கொண்டுவந்திருக்கிறோம். பெற்றோர் சந்திப்பு இரவு என்றால் "எனக்கு ஷிப்ற்", "எனக்கு இங்கிலீஷ் வராது". கடைசியில் 14 வயதுப் பிள்ளையே தனக்குப் பெற்றோராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் நின்று, ரீச்சர் சொன்னதில் தனக்குப் பிடித்ததை மட்டும் வீட்டில் சொல்லும். பிள்ளையில் குற்றமில்லை. அந்தப் பாரம் பிள்ளை சுமக்க வேண்டியது அல்ல.

இங்கே சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 1995 முதல் ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் இருக்கிற ஸ்கூல் கவுன்சில் இருக்க வேண்டும் என்று மாகாணம் சொல்லியிருக்கிறது. அதில் யாரும் போட்டியிடலாம், பட்டம் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே பாடசாலையைக் கேட்கலாம். கைடன்ஸ் கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் நேரம் எடுத்து மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: என் பிள்ளைக்கு இதுவரை எத்தனை கிறெடிற்? அடுத்த வருடம் எடுக்கிற பாடங்கள் பிள்ளையை எங்கே கொண்டுபோகும்? இதில் எந்தப் பாடத்தை விட்டால் எந்த வழி அடைபடும்? இதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. வீட்டுக்காரருக்கு வாடகை கொடுத்தாலும் அதற்குள்ளே பாடசாலை வரி இருக்கிறது. ஆகவே கேட்கிற உரிமை காசு கட்டியவனின் உரிமையும்தான்.

2021 குடிசன மதிப்பின்படி மிசிசாகாவில் 717,961 பேர். தோட்டங்களும் செங்கல் சூளையும் இருந்த இடம் இப்படி ஆயிற்று. இதில் பாதிக்கு மேற்பட்டோர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். கெனடி ஸ்கூல் தொடங்கிய 1953இல் இதை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சந்தியில் கதவைத் திறந்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று. 1871இல் காசில்லாதவனின் பிள்ளைக்காகவும், 1970இல் கூலிக்காரனின் பிள்ளைக்காகவும், 1993இல் பேப்பர் இல்லாதவனின் பிள்ளைக்காகவும் யாரோ கேட்டார்கள், கிடைத்தது. இப்ப எங்கட முறை.

எங்கட சங்கத்திலே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, இங்கேயே ஹைஸ்கூல் முடித்த அண்ணாமார் அக்காமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருகிற தை மாதம், பாடத்தெரிவுத் தாள் வீட்டுக்கு வருமுன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வந்து 8ஆம், 9ஆம், 10ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரோடு உட்கார்ந்து அந்தத் தாளை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்று நிர்வாக சபையைக் கேட்டுக்கொள்கிறேன். கதிரை அடுக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் நான் வருவேன். இரவு வேலைக்காரருக்கு வசதியாக நேரத்தை மட்டும் பார்த்துப் போடுங்கள்.

பிறந்திருக்கும் புத்தாண்டு எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்ல படிப்பையும், பெற்றோருக்கு அதைப் பார்த்து மகிழ நேரத்தையும் கொண்டுவரட்டும்.